செத்த மீன் இல்லாத தொட்டி

எங்கள் மீன்குஞ்சுப் பொரிப்பகத்தில் சண்டியர் என்றால் மனிதன் இல்லை. கொடுவாக் குஞ்சுகளில், கூடப்பிறந்ததைவிடச் சீக்கிரம் நீண்டுவிடும் ஒன்றிரண்டை அப்படிச் சொல்வோம். தன் நீளத்தில் பாதிக்கு மேல் இருக்கிற குஞ்சைக்கூட அது வாலைப் பிடித்துத் துள்ளத் துள்ள விழுங்கிவிடும். அதனால் ஆறு நாளைக்கு ஒருமுறை குஞ்சுகளைச் சல்லடைப் பெட்டியில் விட்டு, பெரியதைப் பெரியதோடும் சின்னதைச் சின்னதோடும் பிரிப்போம். அந்தப் பிரிக்கிற வேலை என்னுடையது. மேற்பார்வை என் புருஷனுடையது. பம்பும் குழாயும் அவர் தம்பியின் பொறுப்பு.

மனிதச் சண்டியர் யார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. என் புருஷன் கைநீட்டாத வாரமே கிடையாது. வலைக்கம்பு, குழாய்த்துண்டு, கையில் எது அகப்படுகிறதோ அது. அடித்து ஓய்ந்ததும் அந்த வாயில் ஒரே பேச்சுதான் வரும். "தண்ணி ஊத்திக் கழுவி விடு." நானும் ஹோஸைப் பிடித்துக் கழுவி விடுவேன். என் ரத்தத்தை நானே கழுவின நாட்கள் எத்தனையோ. எட்டு மணிக்கு முதலாளி வரும்போது தரை பளபளவென்று இருக்கும். "உன் பொண்டாட்டி மாதிரி சுத்தம் யாருக்கு வரும்!" என்று என் புருஷனிடம் மெச்சிக்கொள்வார்.

கொழுந்தன் அப்படி இல்லை. அண்ணன் அடித்துவிட்டுப் போனதும், மீன்பெட்டியிலிருந்து ஐஸ்கட்டியை எடுத்துத் தன் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து தருவான். "வலிக்குதா அண்ணி?" என்று கேட்பான். அந்த வீட்டில் அந்தக் கேள்வியைக் கேட்ட ஒரே ஆள் அவன்தான். அவனுக்கு ஒன்று ஆனால் நான் தாங்கமாட்டேன்.

இந்த வருடம் கடலே காய்ச்சல் கண்டுவிட்டது. இருபத்தெட்டு டிகிரியில் வர வேண்டிய தண்ணீர் முப்பத்துமூன்றில் வந்தது. சூடு கூடினால் மீனுக்குப் பசி கூடும். முந்துகிற குஞ்சு இன்னும் முந்தும், பின்தங்குகிறது அப்படியே நின்றுவிடும். மூன்றாம் நாளே ஐந்தாம் தொட்டியில் அங்கங்கே சில உடம்புகள் நீளமாகத் திரும்பின.

"இன்னைக்கே பிரிச்சிடலாங்க" என்றேன்.

"சுவத்துல என்ன எழுதியிருக்கு? ஆறு நாள். படிக்கத் தெரியுமில்ல?"

"அது பழைய தண்ணிக்கு எழுதினதுங்க. இப்ப தண்ணி சுடுது."

"தொட்டியில ஒன்னாவது செத்து மிதக்குதா? காட்டு பாப்போம்."

ஒன்றும் மிதக்கவில்லை. வயிற்றுக்குள் போனது எப்படி மிதக்கும்? அதைச் சொல்ல வாயெடுத்தேன், கன்னத்தில் விழுந்தது. அன்றும் ஐஸ் வந்தது.

ஆறாம் நாள் காலை ஏழு மணிக்கு ஐந்தாம் தொட்டியை வடித்து எண்ணினோம். பத்தாயிரம் விட்ட இடத்தில் மூவாயிரத்துச் சொச்சம் இருந்தது. அடியில் துழாவினால் ஒரு செத்த மீன்கூட இல்லை, தொட்டி துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

"செத்ததும் இல்ல, இருக்கறதும் இல்ல. அப்ப றெக்க மொளச்சிப் பறந்துடுச்சா?" என்று என் புருஷன் மெதுவாகக் கேட்டார். அவர் மெதுவாகப் பேசினால் அடுத்து என்ன என்று எங்களுக்குத் தெரியும். பின்வாசல் சாவி தம்பி இடுப்பில்தான் தொங்கும். அவர் கண் அந்தச் சாவியில் போய் நின்றது.

"எவனுக்குடா வித்த?"

"சத்தியமா இல்லண்ணே."

வலைக்கம்பின் இரும்புப் பூண் முதலில் காதில் இறங்கியது. அடுத்தது முழங்காலில். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. விழுந்தவனின் தலைமயிரைப் பிடித்துத் தூக்கி, பக்கத்துத் தொட்டித் தண்ணீருக்குள் முகத்தை அமுக்கினார். "சொல்லு, எவனுக்கு?" என்று கத்தினார். தண்ணீருக்குள் இருப்பவன் எப்படிச் சொல்வான்? குமிழிகள் வந்தன. பிறகு குறைந்தன. கால்கள் தரையை உதைப்பதும் தளர்ந்தது.

நான் சல்லடையிலிருந்து ஆகப்பெரிய சண்டியரை அள்ளினேன். என் விரல் நீளம் இருந்தது. பிளேடால் வயிற்றைக் கிழித்தேன். உள்ளே பாதி கரைந்த ஒரு குஞ்சு. அதன் வயிற்றையும் கிழித்தேன். அதற்குள் இன்னொன்று, கண் மட்டும் கறுப்பாக. அப்படியே அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

"இந்தாங்க உங்க திருடன்! ஏழாயிரமும் இதுங்க வயித்துலதான் இருக்கு. கிழிச்சுக் கிழிச்சு எண்ணிக்குங்க!"

பிடி விட்டது. கொழுந்தன் சரிந்து விழுந்து தண்ணீரும் ரத்தமுமாக வாந்தி எடுத்தான். உயிர் இருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

என் புருஷன் அந்த மீனை வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இத முன்னாடியே சொல்றதுக்கு என்னடி? வாய்க்குப் பூட்டா போட்டிருந்துச்சு?"

கம்பு ஓங்கியது. ஆனால் என்மேல் விழவில்லை. ஒற்றைக் காலில் எழுந்த கொழுந்தன் பின்னாலிருந்து அதைப் பிடுங்கி, அண்ணனின் பிடரியில் ஒன்று வைத்தான். பொய் சொல்ல மாட்டேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இன்னொன்று போடுடா என்று மனசு கூவியது. அவனும் போட்டான். மூன்றாவது அடியில் பல் தெறித்து என் காலடியில் உருண்டது. ஐந்தாவதில், முகத்தை மறைத்திருந்த கைகள் தாமாகக் கீழே சரிந்தன. அவன் நிறுத்தவில்லை.

"போதும்டா, விட்டுடு!" என்று கையைப் பிடித்தேன். முழங்கையால் ஒரே இடி. தொட்டி விளிம்பில் மோதி என் உதடு கிழிந்தது. அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வலிக்குதா?" என்று கேட்கவில்லை.

கை சலித்த பிறகுதான் நிறுத்தினான். கம்பைச் சுவரில் சாய்த்து வைத்தான், அண்ணன் வழக்கமாகச் சாய்க்கிற அதே மூலையில். கீழே கிடந்தவரின் மூக்கில் ரத்தம் நுரைத்து நுரைத்து அடங்கியது. மூச்சு இருந்தது. மணி ஏழே முக்கால்.

கொழுந்தன் நொண்டி நொண்டிப் போய் ஹோஸை எடுத்துவந்து என் கையில் கொடுத்தான்.

"வழுக்கி விழுந்துட்டாருன்னு சொல்லிக்கலாம் அண்ணி. தண்ணி ஊத்திக் கழுவி விடுங்க."

அதே பேச்சு. 'ங்க' ஒன்றுதான் கூடுதல்.

ஹோஸைக் கீழே போட்டேன். போனை எடுத்து முதலில் ஆம்புலன்சைக் கூப்பிட்டேன், அடுத்து போலீசை. அவன் "அண்ணி… அண்ணி…" என்று கெஞ்சினான். ஆனாலும் போனை வைக்கவில்லை.

"அடிச்சது யாரும்மா?" என்று அந்தப் பக்கம் கேட்டார்கள்.

"இன்னைக்கு என் கொழுந்தன். இத்தனை வருஷமா என் புருஷன். ரெண்டையும் எழுதிக்குங்க."

எட்டு மணிக்கு வெளியே முதலாளியின் கார் வந்து நின்றது. தரையை நான் கழுவவில்லை.