கிளியம்மாளுக்கு இறங்கிய சுவர்கள்

1984-ஆம் வருடம் கார்த்திகை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு, கீழ்க்கட்டளை சுப்பராயலு வீட்டுக் காம்பவுண்டுச் சுவர் கிளியம்மாளுக்காகப் பூமிக்குள் இறங்கியது. இடிந்து விழவில்லை, விரிசல் விடவில்லை. எருமை குளத்துக்குள் இறங்குவதுபோல நிதானமாக இறங்கி, தரைக்கு மேல் இரண்டு அடி மட்டும் தெரிகிற மாதிரி நின்றுகொண்டது. சுவரில் ஊர்ந்துகொண்டிருந்த எறும்புகள் வரிசையைக் கூடக் கலைக்கவில்லை. திருட்டுப் பயத்துக்காக உச்சியில் பதித்திருந்த பாட்டில் துண்டுகள் கிளியம்மாளின் மூக்குக்கு நேரே வந்தன. அன்று தக்காளி விலை ஏறியிருந்ததால் ஊரில் முதல் இரண்டு மணி நேரம் தக்காளியைப் பற்றித்தான் பேச்சாக இருந்தது.

கிளியம்மாளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பம்மலில் தோல் பதனிடுகிற நாற்றம் வீசும் தோல் ஷாப்புக்குப் பின்னால் இருந்த குடிசைகளில் ஒன்றில் பிறந்தவள். மூன்று வயதில் வந்த போலியோ இரண்டு கால்களையும் எடுத்துக்கொண்டது. அப்பா மாரி, தோல் ஊறுகிற சுண்ணாம்புத் தொட்டியில் வேலை பார்த்தவர், ஒரு பலகைக்கு அடியில் நான்கு பேரிங் சக்கரங்களை வைத்துக் கொடுத்தார். அதில் உட்கார்ந்து, இரண்டு கையிலும் மரக்கட்டையைப் பிடித்துத் தரையைத் தள்ளித் தள்ளிப் போவாள். சிறுமியாக இருந்தபோதே, தொட்டியில் மிஞ்சிய சுண்ணாம்பையும் ஆவாரம் பட்டைச் சாயத்தையும் எடுத்து ஷாப்புச் சுவரில் படம் போடுவாள். கை எட்டுகிற இரண்டடி உயரம் வரைக்கும் ஆடு, மாடு, மனுஷர்கள் எல்லாம் இருந்தார்கள். அதற்கு மேல் வெறும் சுவர்தான்.

அந்தச் சுவரைப் பார்த்துத்தான் தாம்பரத்தில் போர்டு எழுதும் கடை வைத்திருந்த சிட்டிபாபு அவளை வேலைக்கு எடுத்தார். சுவர் விளம்பரத்தில் எழுத்துகளுக்கு அவர் கோடு போடுவார், கீழ் வரிசைக்கு அவள் உள்ளே வண்ணம் நிரப்புவாள். அந்தச் செவ்வாய்க்கிழமை ஒரு சோப்பு விளம்பரம். மேல் வரிசையை அப்புறம் நிரப்பலாம் என்று ஏணியை அப்படியே விட்டுவிட்டு சிட்டிபாபு டீ குடிக்கப் போனார். கிளியம்மாள் தன் வரிசையை முடித்துவிட்டு, நிரப்பாமல் கிடந்த மேல் எழுத்துகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு எதுவும் செய்யவில்லை. சுவர் இறங்கியது. அவர் திரும்பி வந்தபோது மேல் வரிசையும் முடிந்து காய்ந்துகொண்டிருந்தது.

சுப்பராயலு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார். ஏரிப் பாசன நிலமெல்லாம் மனையாகி விற்றுப்போனபிறகு அவரிடம் மிஞ்சியிருந்தது அந்த வீடும் மதிலும் மீசையும்தான். "எங்க தாத்தா கட்டின சொவரு. எனக்கே ஒரு நாளும் குனிஞ்சதில்ல. தோல் ஷாப்பு பொண்ணுக்கு இன்னாத்துக்குக் குனியுது?" என்று கத்தினார். அஸ்திவாரத்தில் கோளாறு என்று கொத்தனார் குப்பனை வரவழைத்தார். குப்பன் சுவரைச் சுற்றித் தோண்டிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், தூக்குக் குண்டு விட்டுப் பார்த்தார்.

"சொவரு நல்லாத்தான் கீது நாய்னா. அதுக்குக் கொஞ்சம் மருவாதி தெரிஞ்சுகீது, அவ்ளோதான்."

வேலை முடிந்ததும் சுவர் பழைய உயரத்துக்கு ஏறிக்கொண்டது. அதற்கப்புறம் சிட்டிபாபு அதே பலகையில் உட்கார்ந்து பார்த்தார், சுப்பராயலு யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துச் சுவருக்கு முன்னால் குந்திப் பார்த்தார். அது அசையவில்லை.

பிறகு எட்டு வருடத்தில் பல்லாவரத்திலிருந்து வண்டலூர் வரைக்கும் முப்பத்தேழு சுவர்கள் அவளுக்காக இறங்கின. பள்ளிக்கூடச் சுவர், கல்யாண மண்டபச் சுவர், ஒரு அரிசி மண்டியின் பக்கவாட்டுச் சுவர். முதலில் வாய் பிளந்தவர்கள் பிறகு சைக்கிளை நிறுத்தாமல் போனார்கள். அவளுக்கென்று ஒரு முறையும் வந்துவிட்டது. சுவர் முழுக்க இறங்கும், உச்சியில் இரண்டடியை முடிப்பாள், அது இரண்டடி ஏறும், அடுத்த இரண்டடியை முடிப்பாள். மேலிருந்து கீழாகத்தான் படம் வளரும். கடைசிப் பட்டை முடிகிறவரை முழுப் படம் எப்படி இருக்கும் என்று அவளைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. கோடு போடுவதையும் சிட்டிபாபு விட்டுவிட்டார், அவளே எல்லாம் செய்தாள். கடைசி நாளில் மட்டும் வருவார். வலது பக்கம் கீழ் மூலையில் ஒரு சாண் இடத்தை விட்டுவைத்திருப்பாள். அதில் 'சிட்டிபாபு ஆர்ட்ஸ், தாம்பரம்' என்று சாய்வெழுத்தில் போட்டுவிட்டுப் போவார்.

ஒரு தடவை கேட்டாள். "அண்ணா, இந்த ஒரு சொவத்துலயாவது என் பேரு போட்டுக்கட்டா?"

"கம்பெனி பேருன்னா நீயும்தான கிளி அதுல கீற. இன்னாத்துக்குத் தனியா? பம்மல்னு பார்த்தாலே மூக்கப் பொத்திகினு போவான். ஆர்டர் வருமா?"

அவர் கெட்ட மனுஷர் இல்லை. தீபாவளிக்குப் புடவை எடுத்துக் கொடுப்பார், அவளை பஸ்ஸில் ஏற்றிவிடக் கண்டக்டரோடு சண்டை போடுவார். ஆனால் அந்தப் பதிலுக்கு அப்புறம் கிளியம்மாள் வீட்டில் சரியாகச் சாப்பிடவில்லை. முப்பத்தேழு சுவர்களும் அவளுக்கு இறங்கின என்பது ஊருக்கே தெரியும், ஆனால் எந்தச் சுவரும் அதைச் சொல்லவில்லை. இன்னொரு மழைக்காலம் போனால், பார்த்தவர்களும் மறந்துவிடுவார்கள். தான் இருந்ததற்கே அடையாளம் இருக்காது என்ற பயம் அவளுக்கு வந்துவிட்டது. கேட்டு வாங்க முடியாது என்பதும் புரிந்துவிட்டது.

1992-இல் செம்பாக்கம் ஏரிக்கரையை ஒட்டிய ஒரு காலனியின் சங்கம் தங்கள் மதிலுக்கு ஆர்டர் கொடுத்தது. தொண்ணூறு அடி நீளம், பன்னிரண்டு அடி உயரம். போகிற வருகிற ஆண்கள் எல்லோரும் அந்தச் சுவரோரம் ஒதுங்கியதால், வரிசையாகச் சாமி படம் போட்டுவிட்டால் நின்றுவிடும் என்று காரியதரிசி சுந்தரராமன் முடிவு செய்திருந்தார். அரசு அலுவலகத்தில் சூப்பரின்டென்டென்ட். எதையும் மூன்று பிரதி எடுத்து வைப்பவர். சிட்டிபாபு ஒரு சாமி காலண்டரை கிளியம்மாளிடம் கொடுத்து, "இத்த பார்த்து அப்டியே போட்டுடு" என்று சொல்லிவிட்டு, கூடுவாஞ்சேரியில் வேறு வேலைக்குப் போய்விட்டார்.

முதல் நாள் சுவர் இறங்கியதும் அவள் வெகு நேரம் எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருந்தாள். கீழ் மூலை கம்பெனியின் இடம். மேல் மூலை யாருடையது என்று இதுவரைக்கும் யாரும் சொன்னதில்லை. முதலில் அங்கே போனாள். வலது ஓரத்தில், உச்சிக்கு ஒரு சாண் கீழே, உள்ளங்கை உயர எழுத்தில் 'கிளியம்மாள், பம்மல்' என்று எழுதினாள். தன் பேரைப் போட்ட சுவரில் தான் கண்ணால் பார்த்தவர்களைத்தான் போடவேண்டும் என்று தோன்றியது. காலண்டரைச் சுருட்டிப் பலகைக்கு அடியில் வைத்துவிட்டாள்.

எட்டு நாளில் முதல் பட்டை முடிந்தது. தொண்ணூறு அடிக்கும் மஞ்சளும் பொன்னிறமுமாக, ஓரங்கள் தொங்க, முடிச்சுகள் மின்ன, நாற்பது உருவங்கள். சுந்தரராமனின் மனைவி அபிதகுஜாம்பாள் முதல் உருவத்தின் உச்சி முடிந்த அன்றே வந்து பார்த்தாள். கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"என்ன அழகான கிரீடம்டி! யாரு இந்தக் கிளியம்மாள்?"

"நான்தாம்மா."

"நன்னா இருக்கு எழுத்து."

பம்பாயில் வேலை பார்த்த மகள் பட்டுவுக்கு மெட்ராஸுக்கு மாற்றல் கிடைக்கவேண்டும் என்று ஒரு மண்டலம் விளக்கேற்றுவதாக வேண்டிக்கொண்டு, அன்று மாலையே சுவருக்கு முன்னால் அகலை ஏற்றிவைத்தாள். அது கிரீடம் இல்லை, பெரியம்மா, தலையில் சுமக்கிற தோல் மூட்டை என்று சொல்லக் கிளியம்மாள் வாயெடுத்தாள். ஆனால் அதற்குள் மாமி கண்ணை மூடி உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது பட்டையில் முகங்கள் வந்தன. சாமி முகங்கள் இல்லை. பம்மல் முகங்கள். வெயிலில் கறுத்த நெற்றி, வெற்றிலைக் கறை, மூட்டை அழுத்திச் சரிந்த கழுத்து. சுந்தரராமன் ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு வந்து நின்றார்.

"என்னம்மா இது? சாமி கேட்டா தோல் ஷாப் ஆளுங்களைப் போட்டு வெச்சிருக்கே? கமிட்டியில நான் என்ன பதில் சொல்றது? நாளைக்கே வெள்ளை அடிச்சிடுவேன்."

கிளியம்மாள் தூரிகையைக் கீழே வைத்தாள். வெள்ளை அடித்தால் பேரும் போகும், வேலையும் போகும். "படம் இன்னும் முடியல சார்" என்று மட்டும் சொன்னாள். அதற்குள் அபிதகுஜாம்பாள் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்துவிட்டாள்.

"எப்படின்னா வெள்ளை அடிப்பேள்? ஒம்பது நாள் வெளக்கேத்தியாச்சு. மண்டலத்தை நடுவுல விட முடியுமா? இல்ல, நடுவுல ஆளை மாத்த முடியுமா?"

"அது சாமியே இல்லைடி!"

"அது எனக்கும் அவாளுக்கும் உள்ள விஷயம். நான் ஏத்தினது ஏத்தினதுதான்."

விளக்கேற்றிய சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கக் காலனியில் ஒரு ஆளும் கிடைக்கவில்லை. அடிக்க வந்த இரண்டு பேரும் அகலைப் பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பிப் போனார்கள். ஆகவே நாற்பத்தெட்டு நாளும் வேலை நடந்தது. தோள்கள் வந்தன, இடுப்பில் செருகிய சேலைகள் வந்தன, கடைசிப் பட்டையில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் வெந்து வெளுத்த கால்கள் வந்தன. அந்த நாற்பத்தெட்டு நாளில் ஒரு ஆண் கூட அந்தச் சுவரோரம் ஒதுங்கவில்லை. இத்தனை பேர் நேராகப் பார்த்துக்கொண்டிருக்கும்போது வரவில்லை என்று ஒருவர் சொன்னார். நாற்பத்தொன்பதாம் நாள் பட்டுவுக்கு மாற்றல் உத்தரவு வந்தது. சுந்தரராமன் அதை மூன்று பிரதி எடுத்துவைத்துக்கொண்டு, வெள்ளையடிக்கிற பேச்சை விட்டுவிட்டார்.

சுவர் முழு உயரத்துக்கு ஏறிய அன்று பம்மலிலிருந்து ஒரு லாரி நிறைய ஆட்கள் வந்தார்கள். அவர்களில் மாரி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போய் பதினேழாவது ஆளிடம் நின்றார். "இது நான்தாம்மே. என் மூட்டைதான். நான்தான் முடிச்ச எடப்பக்கமா போடுவேன்" என்றார். பக்கத்தில் இருந்தவர்களையெல்லாம் கையைப் பிடித்து இழுத்து வந்து அந்த முடிச்சைக் காட்டினார்.

சிட்டிபாபு அப்போதுதான் வந்து சேர்ந்தார். படத்தைப் பார்த்துக் கோபப்பட நினைத்தவர், வெளியூரிலிருந்தெல்லாம் ஜனம் வந்து பார்ப்பதைக் கண்டு மனசை மாற்றிக்கொண்டு, வழக்கப்படி கீழ் மூலையில் கம்பெனி பேரை எழுதினார். எழுதிவிட்டு நிமிர்ந்தபோதுதான் மேலே இருந்த பேரைப் பார்த்தார்.

"இன்னா கிளி இது? சொவத்த எறங்கச் சொல்லு."

"நான் சொல்லி எறங்குற சொவரு இல்லண்ணா. அதா எறங்குது, அதா ஏறுது."

ஏணியைக் கொண்டுவந்தார். வெள்ளை வண்ண டப்பாவைக் கையில் மாட்டிக்கொண்டு ஏறினார். பேர் கைக்கு எட்டப்போகிற நேரத்தில் அவர் ஒரு படி ஏறினால் சுவர் ஒரு படி உயர்ந்தது. நான்கு படி அதிகமாக ஏறிப் பார்த்தார், பேர் அதே தூரத்தில் இருந்தது. கூட்டத்தில் ஒருத்தன், "அண்ணாத்தே, இன்னும் ரெண்டு படி ஏறுனா மீனம்பாக்கத்துல பிளேன் இடிக்கும், பார்த்து!" என்று கத்தினான். லாரிக்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கிளியம்மாள் சிரிக்கவில்லை. அண்ணாந்து, தன் பேரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிட்டிபாபு இறங்கினார், சுவர் ஏறிய உயரத்திலேயே நின்றது. அவர் டப்பாவை மூடி, அவள் முகத்தைப் பார்க்காமல், "அந்த 'ழி' போடாம 'ளி' போட்டது சரிதான். எழுத்து நல்லாத்தான் கீது" என்றார். எதையாவது சொல்லவேண்டுமே என்று சொன்னது அது. அடுத்த மாதத்திலிருந்து கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் மேலே பேர் போடுகிற அம்மாவைத்தான் கேட்டார்கள். அவரே தன் கடைப் போர்டில் அவள் பேரையும் எழுதிவைத்தார். சங்கத்தின் அந்த வருட அறிக்கையில், 'மதில் நான்கு அடி உயர்ந்தது, செலவு ஏதும் இல்லை' என்று சுந்தரராமன் ஒரு வரி சேர்த்தார்.

1996-இல் அந்தப் பக்கம் பஸ் ரூட் விட்டபோது மதிலுக்கு எதிரே ஒரு நிறுத்தம் வைத்தார்கள். அதற்கு அரசாங்கம் வேறு ஏதோ பேர் வைத்திருந்தது, யாரும் அதைச் சொல்லவில்லை. அந்த வருடத்து முதல் மழைக்குப் பிறகு, வெளுத்த இடங்களுக்கு வண்ணம் தொட்டுவிட கிளியம்மாள் தாம்பரத்தில் பஸ் ஏறினாள். ஆள் நெருக்கியடித்த பஸ்ஸில், அவளை யாரென்று தெரியாத ஒரு புதுக் கண்டக்டர், முன் படியிலிருந்து தொண்டை கிழியக் கத்தினார்.

"கிளியம்மா சொவரு! கிளியம்மா சொவரு எறங்குறவன்லாம் முன்னாடி வா!"

இரண்டு பேர் அவளைப் பலகையோடு தூக்கி இறக்கிவிட்டார்கள். அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, கட்டைகளால் தரையைத் தள்ளிச் சாலையைத் தாண்டினாள். மதிலில் சாய்ந்தபடி பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் அவள் வருவதைப் பார்த்தார்கள். சுவர் இறங்கப்போகிறது என்று பைகளையும் குடைகளையும் எடுத்துக்கொண்டு ஓரடி தள்ளி நின்று, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார்கள்.