கிராஃபில் இல்லாத கோடு

மாப்பிள்ளையை அந்த அலுவலகத்துக்குள் கொண்டுவந்து விட்டதே ஒயரண்ணன்தான். அதை நினைக்கும்போதெல்லாம் அவருக்கு வயிறு பற்றி எரியும். "உன் ஆபீஸ்ல ஒரு வார்த்தை சொல்லேண்ணா" என்று தங்கை மூக்கைச் சிந்திக்கொண்டு கேட்டாள்; சொன்னார். தங்கை புருஷன் ஒரு மூலையில் உட்கார்ந்து கேபிளுக்கு முனை அடித்துக்கொண்டு கிடப்பார் என்றுதான் நினைத்திருந்தார். இப்போது என்னவென்றால், மாடியில் எது நின்றுபோனாலும் "அவரைக் கூப்பிடுங்க" என்கிறார்கள். அந்த 'அவர்' யார் என்று கேட்கக்கூடத் தேவையில்லை. இத்தனை வருஷம் அது ஒயரண்ணனாக இருந்தது.

பல கம்பெனிகளுக்கு வருகிற புகார் போன்களை எடுத்துப் பேசுகிற அலுவலகம் அது. மேல்மாடியில் காதில் ஹெட்செட் மாட்டியவர்கள் வரிசை வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். கீழே சர்வர் அறை. அதை ஒட்டிக் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் ஒயரண்ணன், அந்தப் பக்கம் மாப்பிள்ளை. மேலேயிருந்து பேச்சோ படமோ எது வந்தாலும் ஒரே ஒரு இணைப்பு வழியாகத்தான் கீழே இறங்கியாக வேண்டும். அதற்கு 'மாடிக் குழாய்' என்று பெயர் வைத்தவரும் ஒயரண்ணன்தான்.

நிர்வாகம் கேமரா கேட்டபோது மாப்பிள்ளை முந்திக்கொண்டார். மாடி முழுக்க மாட்டி, ஆள் நடமாட்டம் கூடினால் படமும் தெளிவாக வருகிற மாதிரி செய்து, கீழே சேமித்து வைத்தும் காட்டினார். மேலாளர் அம்மா எல்லோர் முன்னாலும் கை தட்டினார். அன்று ஒயரண்ணனும் தட்டினார், சத்தம் வராமல்.

வீட்டுக்குப் போனால் அங்கேயும் அதே பாட்டு.

"அண்ணன் வந்து வாஷிங் மெஷின சரி பண்ணிட்டுப் போனார்" என்றாள் மனைவி. மாப்பிள்ளையை அவள் அண்ணன் என்றுதான் கூப்பிடுவாள். "நீங்க போன வருஷத்துலேர்ந்து பாக்குறேன் பாக்குறேன்னுதான் சொல்லிட்டு இருக்கீங்க."

"அவரை யாரு கூப்பிட்டா?"

"யாரும் கூப்பிடல. சத்தம் சரியில்லையேம்மான்னு அவரே கழட்டிட்டார்."

மெஷின் சத்தமே இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. அதுகூடத் தன்னைக் கேலி செய்கிற மாதிரி இருந்தது ஒயரண்ணனுக்கு.

மறுநாள் அலுவலகம் போனதும் முதல் வேலையாக ஒன்று செய்தார். மாடியில் எல்லாக் கேபிளும் வந்து சேர்கிற நெட்வொர்க் சுவிட்சில் ஒரு 'மிரர்' போட்டார். மிரர் என்றால், ஒரு வழியில் போகிற பாக்கெட்டுகளை, அதாவது தகவல் துணுக்குகளை, ஒன்று விடாமல் நகல் எடுத்து இன்னோர் இடத்துக்கு அனுப்புகிற ஏற்பாடு. மாப்பிள்ளையின் கேமராக்கள் அனுப்புவதெல்லாம் இனி நகலாக ஒயரண்ணனின் மேசைக்கும் வரும். ஏதாவது ஒரு நாள் ஏதாவது ஒரு தப்பு பண்ணாமலா போய்விடுவார், அன்றைக்குக் கையும் களவுமாகப் பிடித்துக்கொள்ளலாம் என்பது கணக்கு. தினமும் காலையில் உட்கார்ந்ததும் பார்ப்பார். தப்பு ஒன்றும் கிடைக்காது. எரிச்சலோடு கணினித் திரையில் அந்தச் சன்னலைச் சுருக்கி வைத்துவிடுவார். மிரர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

கொஞ்ச நாளில் மாடியில் போன்கள் மக்கர் பண்ண ஆரம்பித்தன. காலையில் நன்றாக இருக்கும். மதியம் எல்லா நாற்காலியும் நிரம்பியதும் பேச்சு துண்டு துண்டாக வரும். ஹலோ ஹலோ என்று மாடியே கத்தும். ஏற்கெனவே கோபத்தில் போன் செய்கிற வாடிக்கையாளர், பாதி வார்த்தை காதில் விழாமல் போனால் சும்மா இருப்பாரா? ஒரு பெரிய கம்பெனி, ஒப்பந்தத்தையே ரத்து செய்துவிடுவேன் என்று எழுதிவிட்டது.

மேலாளர் அம்மா இரண்டு பேரையும் கூப்பிட்டு நிற்க வைத்தார்.

"எனக்குக் காரணம் வேணும். யாரால வந்துச்சுன்னும் தெரியணும்." பிறகு ஒயரண்ணனைப் பார்த்தார். "பிரிவுத் தலைவர் பதவிக்கு உங்க பேரத்தான் எழுதி வச்சிருக்கேன். நீங்களே கண்டுபிடிச்சுச் சொல்லுங்க." மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். "உங்களுக்கும் வேலை நிரந்தரமாகுற நேரம். பார்த்துக்குங்க."

ஒயரண்ணனுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. கேமரா வந்த பிறகுதானே போன் கெட்டது? இதைவிட வேறென்ன வேண்டும்? தங்கை வீட்டில் அந்தச் சம்பளத்தை நம்பித்தான் எல்லாம் நடக்கிறது என்பது நினைவுக்கு வரத்தான் செய்தது. வேறு எங்காவது கிடைக்காமலா போகும் என்று அந்த நினைப்பை விரட்டிவிட்டார்.

மாடிக் குழாயில் போகிற பாக்கெட்டுகளை ஒரு மதியம் முழுக்கப் பிடித்து, அனலைசரில் கொட்டினார். பாக்கெட் அனலைசர் நல்ல மென்பொருள்தான். யார் யாருக்கு என்ன அனுப்பினார்கள், எவ்வளவு அனுப்பினார்கள் என்று பிரித்துப் பிரித்துக் காட்டும். கிராஃப் போட்டார். கேமராவுக்குச் சிவப்பு, நல்ல தடிமனாக. பாவப்பட்ட போன்களுக்கு மெல்லிய சாம்பல். ஒரு நிமிஷத்துக்கு ஒரு புள்ளி என்று வைத்தபோது சிவப்புக் கோடு சாதுவாகக் கிடந்தது. அது அவருக்குப் பிடிக்கவில்லை. ஒரு விநாடிக்கு ஒரு புள்ளி என்று மாற்றினார். கோடு ஊசி ஊசியாக எழுந்து நின்றது. அடடா, என்ன அழகு! காலண்டர் படத்தைப் பார்க்கிற மாதிரி தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பாக்கெட்டைப் பிடிக்கிறவனின் கணினியும் அதே வலையில்தான் இருக்கிறது. அதன் சலசலப்பும் சேர்ந்து விழுந்து பார்வையைக் கெடுக்கும். அதனால் பிடித்து வைத்த எதைத் திறந்தாலும் முதலில் 'என் கணினியைத் தவிர மற்றதெல்லாம்' என்று ஒரு ஃபில்டரைப் போட்டுவிடுவார்கள். ஒயரண்ணன் அதை ஒரு பொத்தானாகவே செய்து வைத்திருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் நுழைகிற மாதிரி, யோசிக்காமலே விரல் அங்கே போய்விடும். அன்றும் போனது.

கூட்டத்தன்று சுவரில் கிராஃப் பெரிதாக விழுந்தது. மேலாளர் அம்மா நடுவில் இருந்தார். மாப்பிள்ளை கதவோரம் கை கட்டி நின்றார்.

"மேடம், மதியத்துல மாடிக் குழாய் முழுசா நிரம்பி வழியுது. சுவிட்சோட மீட்டரே சொல்லுது. எவ்வளவு வருதுன்னு பாருங்க" என்று ஒயரண்ணன் சிவப்புக் கோட்டின் மேல் அம்பை ஓட்டினார். "இதுல யார் மேலயும் எனக்குத் தனிப்பட்ட வருத்தம் கிடையாது. கேமராவ கொஞ்சம் யோசிச்சு மாட்டியிருக்கலாம். அவ்வளவுதான்."

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். ஒயரண்ணன் அதை ஓரக்கண்ணால் பார்த்து நிறைந்துபோனார்.

மேலாளர் அம்மாவுக்குப் பாக்கெட்டும் தெரியாது, மிரரும் தெரியாது. ஆனால் எண்ணைக் கண்டால் கூட்டிப் பார்க்காமல் இருக்க முடியாது அவரால்.

"ஒரு நிமிஷம். குழாய் முழுசா நிரம்பியிருக்குன்னு சொல்றீங்க. சிவப்பு பாதிகூட இல்ல. சாம்பலையும் சேர்த்தாலும் பாதியத் தாண்டலையே. மீதி யாரு?"

ஒயரண்ணன் திரும்பிச் சுவரைப் பார்த்து முழித்தார். மீதி யார்? பார்வை ஃபில்டர் கட்டத்தின் மேல் போய் விழுந்தது. 'என் கணினியைத் தவிர மற்றதெல்லாம்.' மாடி சுவிட்சிலிருந்து அவர் மேசைக்கு நகல் எந்த வழியாக வருகிறது? அதே குழாய். அவர் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும், நாள் முழுக்க.

அப்போது மாப்பிள்ளை முன்னால் வந்தார்.

"அது சில்லறை டிராஃபிக் மேடம். அப்டேட்டு, பிரிண்டரு, அது இதுன்னு போயிட்டே இருக்கும். அதைக் கோடா போட முடியாது. கேமராவத்தான் நான் குறைக்கணும். என் தப்புதான்."

மேலாளர் அம்மா சரி என்று தலையாட்டப் போனார். ஒயரண்ணன் பிழைத்தார். பதவியும் பிழைத்தது. ஆனால் மாப்பிள்ளையின் கண்ணைப் பார்த்ததும் ஒயரண்ணனுக்கு விளங்கிவிட்டது: இவருக்குத் தெரியும். எல்லாம் தெரிந்துகொண்டுதான் காப்பாற்றுகிறார்.

அதுவரை எரிந்ததெல்லாம் எரிச்சலே இல்லை என்று ஆகிவிட்டது. கேமராவிலும் நல்ல பெயர், வாஷிங் மெஷினிலும் நல்ல பெயர், இப்போது பெருந்தன்மையிலுமா? இந்த மனுஷன் போட்ட பிச்சையில் பதவி வாங்கிக்கொண்டு ஆயுசு முழுக்க இவர் முகத்தில் விழிப்பதா? அதற்கு மானம் போனாலும் பரவாயில்லை.

"சில்லறையும் இல்ல, ஒண்ணும் இல்ல!" என்று கத்தினார். கத்திய வேகத்திலேயே ஃபில்டரை எடுத்துவிட்டார்.

சுவரில் புதிதாக ஒரு நீலக் கோடு எழுந்தது. சிவப்பு ஏறும் இடத்தில் அதுவும் ஏறியது. இறங்கும் இடத்தில் இறங்கியது. நகல் ஒவ்வொன்றும் மேலே ஓர் உறை சுற்றிக்கொண்டு வருவதால், எல்லா இடத்திலும் சிவப்பைவிட ஒரு விரல்கடை உயரமாகவே இருந்தது. மதியம் முழுக்க மாப்பிள்ளையின் கோட்டை விட்டு அது நகரவே இல்லை.

"இது யாரு?" என்றார் மேலாளர் அம்மா.

"நான்" என்றார் ஒயரண்ணன்.

மிரர் என்றால் என்ன, ஏன் போட்டார் என்பதையும் அவரே சொன்னார். 'பாதுகாப்புக்காக' என்று ஆரம்பித்துப் பார்த்தார். அறையில் யாரும் நம்புகிற முகத்தோடு இல்லை. "அவர் என்ன பண்றார்னு பார்க்கணும் போல இருந்துச்சு" என்று முடித்தார்.

மேலாளர் அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "முதல்ல போய் அதை எடுங்க. ரெண்டு பேரும் போங்க. பதவிய பத்தி நான் பேசுற வரைக்கும் நீங்க பேச வேண்டாம்."

மாடி சுவிட்சில் மிரரை எடுத்துவிட்டுத் திரும்பினார்கள். ஹெட்செட் வரிசையில் ஹலோ சத்தம் அடங்கி, பேச்சுச் சத்தம் வந்திருந்தது. படிக்கட்டின் திருப்பத்தில் ஒயரண்ணன் நின்றார்.

"எப்ப கண்டுபிடிச்சீங்க மாப்ளே?"

"போன் கெட்ட மறுநாளே."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

மாப்பிள்ளை கைப்பிடிக் கம்பியை நகத்தால் சுரண்டினார். "உண்மையச் சொல்லட்டா மச்சான்? நீங்களே போய் விழட்டும்னுதான் சும்மா இருந்தேன்."

ஒயரண்ணன் ஒரு படி ஏறி அவர் முகத்துக்கு நேரே வந்து நின்றார்.

"வீட்டுக்குப் போனா உங்க தங்கச்சி, எங்கண்ணன் அப்படி, எங்கண்ணன் இப்படின்னு ஒரே புராணம். இங்க வந்தா பதவியும் உங்களுக்குத்தானாம். நான் எது செஞ்சாலும், மச்சான் வாங்கிக் குடுத்த வேலைதானேன்னு ஒரு பேச்சு. பத்திக்கிட்டு வரும் எனக்கு. இன்னைக்கு நீங்க முழிச்ச முழியப் பார்த்ததும்தான் மனசு கேக்கல. சாயந்திரம் வீட்டுக்குப் போகணும்ல."

ஒயரண்ணன் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பதவி போனது, மானம் போனது, நாளைக்கு மாடி முழுக்க இதே பேச்சாகத்தான் இருக்கும். இருந்தும் பல மாதம் கழித்து முதல் தடவையாக நெஞ்சு லேசாக இருந்தது.

"நிசமாவா மாப்ளே?" என்றார் ஆசையோடு. "என்னைப் பார்த்தா பத்திக்கிட்டு வந்துச்சு?"

மாப்பிள்ளை ஆமாம் என்று தலையாட்டினார்.

"எவ்வளவு நாளா?"