ஒன்பது பேர் நிற்கிறார்கள்

மண்டபத்து வாசலில் பன்னீர் தெளித்தவள் ஜெப்சி என்று ஹபீபா பீவிக்கு முதலில் தெரியவில்லை. பச்சைக் கரை போட்ட ஒரே மாதிரிச் சேலை, தலையில் வலைத்தொப்பி, கையில் தட்டு என்று ஒன்பது பெண்கள் வரிசையாக நின்றார்கள். பன்னீர் தெளித்தவள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டதால்தான் ஹபீபா உற்றுப் பார்த்தாள்.

"ஏட்டி, ஜெப்சியா?"

"என்னைத் தெரியாதது மாதிரி போயிருங்கக்கா. கான்டிராக்டர் பாத்துக்கிட்டு நிக்காரு."

"எப்பம் வந்தே?"

"ரெண்டு மணிக்கு. போங்க, பின்னால ஆளுவ நிக்காவ."

அப்போது மணி ஐந்து. நாகர்கோவிலில் சமநீதி மன்றம் வருடாவருடம் நடத்தும் விருது விழா அது. விருது கொடுத்து முடித்து, எல்லோருக்கும் இலை போட்டுச் சாப்பாடு. ஆயுட்கால விருது முன்னாள் எம்.எல்.ஏ. தோழர் ஞானையனுக்கு. சிறந்த மக்கள் அமைப்புக்கான விருது கடைப் பெண் தொழிலாளர் சங்கத்துக்கு. அதை வாங்கத்தான் சங்கத் தலைவி ஹபீபா கோட்டாற்றிலிருந்து வந்திருந்தாள்.

இருபத்திரண்டு வருடமாக அவள் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் சேலை எடுத்துப் போடுகிறாள். காலை பத்து மணியிலிருந்து ராத்திரி ஒன்பது மணிவரை நின்றேதான் வேலை. சுவரில் சாய்ந்தால்கூட கேமராவில் பார்த்துவிட்டு மேனேஜர் கூப்பிட்டுவிடுவார். கெண்டைக்கால் நரம்பெல்லாம் முடிச்சு முடிச்சாகப் புடைத்துவிட்டது. கடையில் வேலை செய்கிறவர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று சட்டம் வந்தபோது முதலாளி அறுபது ஸ்டூல் வாங்கினார். வாங்கி, மூன்றாம் மாடி குடோனில் பூட்டி வைத்தார். ஆய்வாளர் வரும் நாளில் மட்டும் அவை கீழே இறங்கின.

இரண்டு வருடத்துக்கு முன்னால், கிறிஸ்துமஸ் கூட்டம் நெரித்த ஒரு சனிக்கிழமை, அறுபத்திரண்டு பெண்களும் அவரவர் கவுண்டருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். முதலில் உட்கார்ந்தவள் ஜெப்சி. நாலு நாள் போராட்டம். ஐந்தாம் நாள் ஸ்டூல்கள் கீழே வந்தன. ஆனால் தூண்டிவிட்டவர்கள் என்று ஏழு பேரை மட்டும் முதலாளி திரும்பச் சேர்க்கவில்லை. தலைவியைத் தொட்டால் பத்திரிகையில் வரும் என்று ஹபீபாவை விட்டுவிட்டார். ஏழு பேருக்காக வழக்குப் போடலாம், இப்போதைக்கு ஒப்புக்கொள்வோம் என்று சங்கம் முடிவெடுத்தது. ஹபீபா ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாள். வழக்கு திருநெல்வேலியில் இன்னும் நடக்கிறது. அந்த ஏழு பேரில் ஒருத்தியான ஜெப்சி அதற்குப் பிறகு சங்கத்துப் பக்கம் வரவே இல்லை.

மேடையில் சிவப்பு வெல்வெட் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். மன்றத்தின் செயலாளர் ஏசுஅடிமை, ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியர், ஹபீபாவைக் கையைப் பிடிக்காத குறையாக அழைத்துப்போய் ஒரு நாற்காலியைக் காட்டினார். அவள் அதில் உட்காராமல் பின்னால் போய் நின்றாள். அங்கிருந்து பார்த்தால் மண்டபம் முழுக்கத் தெரிந்தது. சுவரை ஒட்டி ஒன்பது பெண்களும் தண்ணீர்த் தட்டோடு நின்றார்கள்.

"ஹபீபாம்மா, உக்காருங்க. போட்டோ எடுக்காங்க."

"நான் நிக்கேன் சார்."

"கால் வலிக்குமே."

"வலிக்கத்தான் செய்யுது."

அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். வாழ்த்துரைகள் ஒன்றரை மணி நேரம் நடந்தன. ஹபீபா நின்றுகொண்டே கேட்டாள். ஜெப்சி ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் நின்ற வயதான பெண் யாரும் பார்க்காதபோது தூணில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள். வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் விரலைச் சொடுக்கியதும் நிமிர்ந்தாள். அவர்தான் சமையல் கான்டிராக்டர் ரசாலம்.

சங்கத்தின் முறை வந்தது. ஏசுஅடிமை தானே எழுதிய பாராட்டு மடலை வாசித்தார். "நிற்பதே விதி என்றிருந்த பெண்களுக்கு இருக்கையையும் அதன் மூலம் மரியாதையையும் பெற்றுத் தந்த..." கைதட்டல் அடங்கவே நேரமானது. ஹபீபா மைக்கின் முன்னால் வந்தாள். ரெண்டு நிமிஷம் என்று விரலைக் காட்டினார் ஏசுஅடிமை.

"எல்லாருக்கும் வணக்கம். சார் நல்லா எழுதியிருக்காரு. ஒரு காரியம் விட்டுப்போச்சு. ஏழு பேரை வெளியே விட்டுட்டுத்தான் நாங்க அந்த ஸ்டூல்ல இருந்தோம். நான்தான் கையெழுத்துப் போட்டேன். அது இதுல இல்லை."

ஹபீபா சுவர்ப் பக்கம் கையை நீட்டினாள்.

"இன்னொண்ணு. திரும்பிச் சுவரைப் பாருங்க. ஒம்பது பேரு நிக்காவ. மதியம் ரெண்டு மணியிலருந்து நிக்காவ. இப்பம் ஏழாகப் போவுது. அவங்க யாரு என்னன்னு எனக்குத் தெரியாண்டாம். அவங்க நிக்கும்போ நான் இந்த நாற்காலியில இரிக்க மாட்டேன். இந்த விருதை வாங்கவும் மாட்டேன்."

ஏசுஅடிமை ஓடிவந்தார். மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, "ஹபீபாம்மா, நிகழ்ச்சி முடியட்டும். பெறவு பேசிக்கிடலாம்" என்றார்.

"நாங்க ஸ்டூல் கேட்டப்போ, சீசன் முடியட்டும்னுதான் சார் முதலாளியும் சொன்னாரு."

பொத்தியும் அது வெளியே கேட்டுவிட்டது. ரசாலம் மேடைக்குக் கீழே வந்து நின்றார். "இது எனக்க தொழில். பரிமாற வந்தவ எல்லாம் இரிந்தா பந்தியை யாரு நடத்துவா? நீங்க விருது வாங்கிட்டுப் போவியளா, அதை விட்டுட்டு..."

"விருந்துக்கு வந்த நாங்க எல்லாம் இரிக்கலாம், சோறு போடுகவ இரிந்தா மட்டும் பந்தி நின்னுபோவுமா?"

தோழர் ஞானையன் கம்பை ஊன்றி எழுந்தார். எழுபத்தெட்டு வயது. ஒரு முழங்கால் மூட்டு மாற்றியது, இன்னொன்று மாற்றவேண்டியது. அவர் பேசப் போகிறார் என்று எல்லோரும் பார்த்தார்கள். அவர் ஹபீபாவின் பக்கத்தில் வந்து நின்று, "எனக்க முன்னாலதான் நிக்காவ. இவ்வளவு நேரமும் நான் கவனிக்கல்லை" என்றார். அவ்வளவுதான். பிறகு அவர் உட்காரவில்லை.

முன்வரிசையில் ஒருவர் எழுந்தார். அவரைப் பார்த்து இன்னொருவர். வரிசை வரிசையாக நாற்காலிகள் பின்னால் நகரும் சத்தம் கேட்டது. எல்லோரும் எழவில்லை. "சோறைப் போட விடுங்கப்பா" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. யாரோ அதட்டினார்கள்.

ஆனால் ஒன்பது பெண்களும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். அவர்கள் கண் ரசாலத்தின் மேல் இருந்தது. ஒரு நிமிஷம் போனது. அத்தனை பேர் எழுந்து நின்றும் எதுவும் நடக்கவில்லை. தெரியாதது மாதிரி போகச் சொன்னவளை மறுபடியும் கொண்டுவந்து கூட்டத்தின் நடுவில் நிறுத்திவிட்டோமே, இவளுடைய இந்த வேலையும் நம்மால்தான் போகப் போகிறது என்று ஹபீபா நினைத்தாள்.

ஜெப்சி தட்டைப் பக்கத்து மேசையில் டக்கென்று வைத்தாள். சுவரோரத்திலிருந்து நேராக நடந்துவந்து, சிறப்பு விருந்தினர்களுக்குப் போட்டிருந்த சோபாவில் உட்கார்ந்தாள். தொப்பியைக் கழற்றி மடியில் போட்டு, காலை நீட்டிக்கொண்டாள். ஹபீபாவை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் நன்றி எல்லாம் ஒன்றும் இல்லை, கோபம்தான் இருந்தது.

"வாங்கட்டி. அங்க நின்னு என்ன செய்யப் போறிய?"

நாலு பேர் உடனே வந்தார்கள். மற்றவர்கள் தயங்கித் தயங்கி வந்தார்கள். தூணில் சாய்ந்த வயதான பெண் கடைசியாக வந்து, சோபாவின் நுனியில் உட்கார்ந்தாள்.

"நாளையிலருந்து நீ வராண்டாம்" என்றார் ரசாலம்.

"நாளைக்குத் தக்கலையில ரெண்டாயிரம் பேருக்குக் கல்யாணச் சாப்பாடு. நீரே பரிமாறும்" என்றாள் ஜெப்சி. மண்டபம் சிரித்தது. ரசாலம் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஞானையன்தான் விருதை எடுத்து ஹபீபாவிடம் நீட்டினார். அவள் ஜெப்சியைக் கை காட்டி மேடைக்கு அழைத்தாள். "நீ வந்து வாங்கு மக்கா."

"அது உங்களுக்குள்ளது. கையெழுத்துப் போட்டவங்கதான் வாங்கணும்" என்றாள் ஜெப்சி, உட்கார்ந்த இடத்திலிருந்தே. எல்லோருக்கும் கேட்டது. ஹபீபா தனியாகவே வாங்கினாள். போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

முதல் பந்தியில் ஒன்பது பெண்களும் உட்கார்ந்தார்கள். ஞானையன் அவர்களுக்கு எதிரே உட்கார்ந்தார். ஏசுஅடிமை பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு சோற்று வாளியைத் தூக்கினார். வக்கீல்களும் ஆசிரியர்களும் பருப்பையும் அவியலையும் எடுத்துக்கொண்டு ஒருவரோடு ஒருவர் முட்டிக்கொண்டார்கள். வலது பக்கம் கொண்டுபோய் உப்பை வைத்தவரிடம், "உப்பு இடப்பக்கம் சார். பப்படத்தை இப்பமே வைக்காதீங்க, நமத்துப்போவும்" என்று ஜெப்சி சொல்லிக்கொடுத்தாள். பாயசம் வருவதற்குள் மூன்று பேர் சேலையில் ரசம் கொட்டியிருந்தது.

தக்கலைக் கல்யாணத்துக்கு ஒன்பது பேருமே போகவில்லை. ரசாலம் எங்கிருந்தெல்லாமோ ஆள் பிடித்துக் கொண்டுபோனார். மூன்றாம் பந்தியில் மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் எழுந்துபோய்த் தாங்களே சாம்பார் ஊற்றிக்கொண்டார்களாம். புதன்கிழமை ரசாலம் எட்டுப் பேருக்குப் போன் செய்தார், ஜெப்சிக்கு மட்டும் செய்யவில்லை. ஒன்பது பேர் என்றால் வருகிறோம், இல்லையென்றால் ஒருத்திகூட வரமாட்டோம் என்று எட்டுப் பேரும் தனித்தனியாக ஒரே பதிலைச் சொன்னார்கள். சனிக்கிழமை அவர் இறங்கிவந்தார்.

இதெல்லாம் ஹபீபாவுக்கு ஜெப்சி போனில் சொல்லித்தான் தெரியும். இரண்டு வருடத்துக்குப் பிறகு அவளிடமிருந்து வந்த முதல் போன்.

"நான் வந்து ரசாலத்துகிட்ட ஒரு வார்த்தை பேசட்டா மக்கா?"

"வேண்டாம். நாங்க பேசியாச்சு. ஒவ்வொரு பந்திக்கும் இடையில அரை மணி நேரம் இரிப்போம். அடுக்களையில பெஞ்சு போடணும்னு சொல்லியாச்சு, போட்டாச்சு. நீங்க சங்கத்து ஃபாரம் ஒம்பது குடுத்து விடுங்க. எங்களுக்குத் தனிக் கிளை. செயலாளர் நான்தான்."

"கொள்ளாம், நல்ல காரியம். வேற என்ன வேணும்?"

"முதல் தீர்மானம் எழுதியாச்சு. ஒருத்தியை வெளியே விட்டுட்டு யாரும் எந்தப் பேப்பர்லயும் கையெழுத்துப் போடப்பிடாது. தலைவியும்தான்."

குத்தினாள் என்று ஹபீபாவுக்குத் தெரிந்தது. குத்து சரியான இடத்தில் விழுந்தது என்றும் தெரிந்தது.

"அதுல எனக்க கையெழுத்தையும் வாங்கிக்கோ" என்றாள். பிறகு கேட்டாள்: "வழக்கு இருபத்திமூணாம் தேதி வருது. வாறியா?"

"வாறேன். ஆனா பஸ்ஸுல உங்க பக்கத்துல இரிக்க மாட்டேன்."

"எங்கேயும் இரி. வந்தாப் போதும்."

இருபத்திமூன்றாம் தேதி திருநெல்வேலி கோர்ட்டுக்கு, வேலை போன ஏழு பேரும் வந்திருந்தார்கள்.