திபோ கொடுத்த முன்சக்கரம்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அன்று சாலையோரம் நின்று "கொடுக்காதடா!" என்று கத்தியவர்களில் நானும் ஒருவன். இதை எழுத உட்கார்ந்ததே அந்த வெட்கத்தால்தான்.

முதல் தொடக்கம்: "பெல்ஜியத்தின் பிளாண்டர்ஸ் பகுதியில், வசந்தகால மழையில், எதிர்காலத்தை நோக்கி ஓர் இளைஞன்..."

வேண்டாம். திபோ படித்தால் சிரிப்பான். எங்கள் தெருப் பையன், இருபது வயது. தொழில்முறை சைக்கிள் வீரனாக இது அவனுக்கு முதல் வருடம். அணித்தலைவர் யூரிக்கு முன்னால் ஓட்டிக் காற்றை மறைக்க வேண்டும். தண்ணீர்க் குப்பிகளைச் சட்டை முதுகில் திணித்துக்கொண்டு வந்து கொடுக்க வேண்டும். அதுதான் அவன் வேலை.

2

அன்று பந்தயம் எங்கள் ஊர் வழியாக வந்தது. முடிவுக்கோட்டுக்கு இன்னும் ஒன்பது கிலோமீட்டர். கல் பாவிய மேட்டில் முன்னணியில் நாலே பேர். அதில் இரண்டு பேர் யூரியும் திபோவும். ஊரே பியர்க் கோப்பையோடு குதித்தது.

மேட்டு உச்சியில், திபோவின் வீட்டு வாசலில், யூரியின் முன்சக்கரம் பஞ்சரானது. (உண்மையில் இரண்டு வீடு தள்ளி, என் வாசலில். கதைக்காக நகர்த்தினேன்.) மாற்றுச் சக்கரம் வைத்திருக்கும் அணியின் கார் பின்னால் எங்கோ சிக்கிக்கிடந்தது.

திபோ இறங்கித் தன் முன்சக்கரத்தைக் கழற்றினான். நாங்கள் கத்தினோம். அவன் அப்பா கேர்த், பால் லாரி ஓட்டுகிறவர், தடுப்பையே தாண்டி வந்துவிட்டார்.

"உனக்கென்ன கிறுக்கா? இப்பதானடா அந்த ஏத்தம் ஏறினே!"

"அப்பா, உள்ள போங்க. ஊரே பாக்குது."

"பாக்கட்டும்! அந்தக் கிழவன் அடுத்த வருஷம் வீட்டுல உக்காரப்போறான்!"

"அதனாலதான் கொடுக்கறேன்."

"எனக்குக் காது நல்லாவே கேக்குது, கேர்த்," என்றார் யூரி, சக்கரத்தை மாட்டிக்கொண்டே.

3

யூரி வென்றார். மேடையில் தன் பூச்செண்டைத் திபோவிடம்...

அழித்துவிட்டேன். யூரி நான்காவதாக வந்தார். நான்காம் இடத்துக்குப் பூச்செண்டு கிடையாது. திபோ, கார் வரும்வரை ஒற்றைச் சக்கர சைக்கிளோடு நின்று, எண்பத்து மூன்றாவதாக முடித்தான்.

அணியின் பஸ் அருகே யூரி சேறு அப்பிய முகத்தோடு காத்திருந்தார்.

"இன்னைக்கு உன் காலு என்னைவிட நல்லா இருந்துச்சு. நீ ஜெயிச்சிருப்ப."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

திபோ குனிந்து ஷூவைக் கழற்ற ஆரம்பித்தான். (இங்கே அவன் மனதை விளக்கி ஒரு பத்தி இருந்தது. படித்துப் பார்த்தால் அத்தனையும் என் மனது. எடுத்துவிட்டேன்.)

4

அவன் சக்கரம் கொடுத்ததைத் தொலைக்காட்சியில் பார்த்த பெரிய அணி ஒன்று மூன்று வருட ஒப்பந்தம் அனுப்பியது: உதவி வீரனாக. பழைய அணி ஒரே வருடம் தருவதாகச் சொன்னது, ஆனால் யூரியின் இடத்தில், தலைவனாக.

"காலம் பூரா கழட்டிக் கொடுத்துக்கிட்டே இருக்கப்போறியா?" என்று கேட்ட கேர்த், இரண்டு நாளாக மகனிடம் பேசவில்லை.

சனிக்கிழமை காலை திபோ இரண்டு தாள்களோடும் என் சமையலறைக்கு வந்தான். என் ரொட்டியில் என் சாக்லேட்டைத் தாராளமாகத் தடவிக்கொண்டான்.

"நீங்க கதை எழுதறவருதானே. எந்த முடிவு நல்லாருக்கும்?"

"கதைக்கா, உனக்கா?"

"ரெண்டும் வேற வேறயா?"

இரண்டு முடிவும் எழுதிவைத்திருந்தேன். இரண்டிலும் அவன் சந்தோஷமாகவே இருந்தான்; அவன்மேல் எனக்குள்ள பிரியம் அப்படி. அதனாலேயே இரண்டையும் நம்ப முடியவில்லை.

பேனா கேட்டான். கொடுத்தேன். பரீட்சையில் பக்கத்தில் இருப்பவனுக்குக் காட்டாத மாணவன்போல, இடது கையால் மறைத்துக்கொண்டு ஒரு தாளில் கையெழுத்துப் போட்டான்.

நான் எட்டிப் பார்க்கவில்லை. நீங்கள் கொஞ்சம் உயரமானவராக இருந்தால், பாருங்கள்.