இலாய்த்தியாவின் மரியாதை

பெட்டியின் மேல் மரப்பட்டைத் துணியை விரித்து, நாலு மூலையையும் வெடுக்வெடுக்கென்று இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள் கெலேரா. இழுத்த இழுப்பில் உள்ளே படுத்திருக்கிற தம்பி எழுந்து "மெதுவாக்கா" என்று சொல்லாததுதான் பாக்கி. உயிரோடு இருந்தபோதும் அவன் சட்டைக் காலரை அவள் அப்படித்தான் இழுத்துவிடுவாள்.

"இன்னும் வரலையே அவன்?" என்றாள், பெட்டியின் தலைமாட்டில் பாயில் உட்கார்ந்திருந்த தம்பி பெண்டாட்டி வஸித்தியிடம்.

"வருவாரு அண்ணி."

"வராம இருந்தா கர்த்தருக்கு ஸ்தோத்திரம். இன்னைக்குப் பெரிய போதகரு வர்றாரு. இது சாவு வீடு, அவனோட சந்தைக்கடை இல்ல."

 புருஷனைப் பறிகொடுத்தவள் பெட்டியை விட்டு நகரக்கூடாது என்பதால், வஸித்தி இருந்த இடத்திலிருந்தே கழுத்தை நீட்டி வாசலைப் பார்த்தாள். முற்றத்துத் தகரப் பந்தலில் ஆண்கள் லேசாகப் போதை தரும் யங்கோனா வேரைக் கரைத்துக் கொட்டாங்கச்சியில் மொண்டு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் மண்ணடுப்பில் பன்றி வெந்துகொண்டிருந்தது. உற்றார் உறவினர் எல்லாரும் பாயும் கையுமாக வந்து சேர்ந்தாயிற்று. இலாய்த்தியா ஒருவனைத்தான் காணோம்.

இலாய்த்தியா உறவினன் இல்லை. அதற்கும் ஒரு படி மேலே, தௌவு. ஆற்றுக்காரர்களின் மூதாதையும் தீவுக்காரர்களின் மூதாதையும் ஒரே தோணியில் சண்டை பிடித்துக்கொண்டே வந்து சேர்ந்தார்களாம். அந்தச் சண்டையை விட்டுவிடக் கூடாதென்று இரண்டு பக்கமும் இன்றுவரை கட்டிக் காக்கிறது. ஒருவனை ஒருவன் எப்படி வேண்டுமானாலும் வையலாம். வீட்டுக்குள் புகுந்து அடுப்பில் இருக்கிற கோழியைச் சட்டியோடு தூக்கிப் போகலாம். கோபப்பட்டவன் தோற்றான், அவ்வளவுதான் சட்டம்.

செத்துப்போன அப்போரோசா ஆற்றுக்காரன். சுவா நகரத்தில் பஸ் ஓட்டியவன். தீவுக்காரன் இலாய்த்தியா சந்தையில் யங்கோனா விற்கிறவன். முதன்முதலாக அந்த பஸ்ஸில் ஏறிய அன்றே, "ஏண்டா ஆத்துக்காரா, பஸ்ஸை ஓட்டுறியா, இல்ல படகுன்னு நெனச்சுத் துழாவுறியா?" என்று கேட்டான். அப்போரோசா வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டுச் சிரித்தான். அன்றிலிருந்து இலாய்த்தியா டிக்கெட் எடுத்ததில்லை, அப்போரோசா யங்கோனாவுக்குக் காசு கொடுத்ததில்லை.

வருஷங்கள் ஓடின. சர்க்கரை முற்றி அப்போரோசாவின் வலது காலை எடுத்தபோது வீடு இடிந்துபோய் உட்கார்ந்தது. எடுத்த கால் என்றாலும் உடம்பில் ஒரு பங்கு. சின்னப் பெட்டி செய்து முறையாகப் புதைத்தார்கள். அங்கே கறுப்புச் சட்டையும் மலர்வளையமுமாக வந்து நின்றான் இலாய்த்தியா. தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தான்: "இந்தக் கால் ரொம்ப நல்ல கால். எங்க தீவுல கெழங்கு திருட வந்தப்பல்லாம் இதுதான் முதல்ல வேலி தாண்டும். பிரேக்கைத் தவிர மத்த எல்லாத்தையும் மிதிச்சிருக்கு. கூடப் பொறந்தவனை இழந்து நிக்கிற அந்த எடது காலுக்கு எங்க ஆழ்ந்த அனுதாபம்."

குழி மூட வந்தவர்கள் சிரிப்புத் தாங்காமல் மண்வெட்டியைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். கெலேராதான், "காலுக்காவது மரியாதை குடுக்கப்படாதா?" என்று கத்தினாள். ஆஸ்பத்திரியில் விஷயத்தைக் கேட்டு அப்போரோசா குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க, தையல் பிரிந்துவிடும் என்று நர்ஸ் ஓடிவந்து இலாய்த்தியாவை வெளியே துரத்தினாள். அவன் ஜன்னலுக்கு வெளியே போய் ஒற்றைக்காலில் நொண்டிக் காட்டினான். அடப்பாவி, அந்த ஜன்னல் கண்ணாடியை வஸித்தி இப்போது நினைத்தாலும் மனசு அங்கேயே போய் நின்றுகொள்கிறது. எவ்வளவு சிரித்தார்கள், அந்த மருந்து வாடையில்!

அதற்குப் பிறகு சந்தை முடிந்த ஒவ்வொரு சாயங்காலமும் அவன் வந்தான். வாசலிலேயே குரல் கேட்கும்: "என்னடா அரை டிக்கெட்டு, இன்னும் இருக்கியா?" கட்டிலிலிருந்து பதில் வரும்: "உன்னைப் பொதைக்காம எங்க போறது?" வஸித்தி கஞ்சிக் கிண்ணத்தோடு தயாராக நிற்பாள். மற்ற நேரத்தில் வாயைத் திறக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிற மனுஷன், சிரிக்கும்போது திறந்துதானே ஆக வேண்டும்? அந்தச் சமயம் பார்த்துக் கரண்டியை உள்ளே விட்டுவிடுவாள். கடைசி மாதங்களில் அவன் சாப்பிட்டதெல்லாம் இலாய்த்தியா போட்ட சோறு என்றே சொல்லலாம்.

போன வாரம், குரல் தேய்ந்துபோயிருந்த ஒரு மத்தியானம், அப்போரோசா அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நான் போற அன்னைக்கு அவன் வருவான். வந்து நல்லா வையணும். மிச்சம் வைக்காம வையணும். பாத்துக்கோ."

"இது ஒரு ஆசையா உங்களுக்கு?"

"அவன் எனக்கு மரியாதை குடுத்துட்டான்னு வை, நான் நெசமாவே செத்துட்டேன்னு அர்த்தம்."

"சரி, பாத்துக்கிறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். இதில் பார்த்துக்கொள்ள என்ன இருக்கிறது, ஆற்றுக்காரனை வைய இலாய்த்தியாவுக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும் என்று அப்போது நினைத்தாள்.

பந்தலில் சலசலப்பு கேட்டது. வந்துவிட்டான். ஆண்கள் கொட்டாங்கச்சியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினார்கள். ஒருவன் முன்கூட்டியே சிரிக்க ஆரம்பித்துவிட்டான். கெலேரா, "ஆரம்பிச்சாச்சு கூத்து" என்று முணுமுணுத்துக்கொண்டு விசிறியை வேகமாக வீசினாள்.

இலாய்த்தியா தேய்த்த கறுப்புச் சட்டை போட்டிருந்தான். இரண்டு கையிலும் திமிங்கிலப் பல்லை ஏந்தி, முறைப்படி குனிந்து, முழங்காலில் நகர்ந்து வந்து பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தான். தலையைத் தூக்கவில்லை.

"ஆற்றங்கரைப் பெரியோர்களே, எங்கள் மதிப்பிற்குரிய அப்போரோசா அவர்களின் மறைவுக்காக, தீவின் சார்பாக இந்தச் சிறு காணிக்கையைச் சமர்ப்பிக்கிறேன். அவர் நல்ல மனிதர். தயவுசெய்து ஏற்றுக்கொள்ள வேண்டும்."

சிரிக்க ஆரம்பித்தவன் வாயை மூடிக்கொண்டான். 

"என்னடி இது?" கெலேரா வஸித்தியின் காதில் கிசுகிசுத்தாள். "அவர்கள்ங்கிறான், தயவுசெய்துங்கிறான். இவனுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

 மூன்று நாளாக ஆயிரம் பேர் வந்து வஸித்தியைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறார்கள். அவளும் கூட அழுதாள், யாருக்கோ அழுவதைப் போல. 'அவர்கள்' என்ற அந்த ஒரு வார்த்தையில்தான் அவள் புருஷன் செத்தான்.

"அண்ணே," என்றாள் மெல்ல. "என்னண்ணே இது? ஏதாவது சொல்லுங்கண்ணே. அவரு காத்துக்கிட்டிருக்காரு."

இலாய்த்தியா தலையை ஆட்டினான். "முடியலம்மா. பஸ்ல வர்ற வழியெல்லாம் நல்லா யோசிச்சு வச்சிருந்தேன். பெட்டியைப் பாத்ததும் ஒண்ணும் வாயில வர மாட்டேங்குது." எழுந்து போய்ச் சுவரோரம் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

போதகர் வந்தார். ஜெபம் நடந்தது. பாட்டு நாலு குரலில் எழும்பிக் கூரையைத் தொட்டது. எல்லாம் ஒழுங்காக, கெலேரா ஆசைப்பட்டபடியே நடந்தது. கெலேராவோ ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவில் சுவரோரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் இளவட்டங்கள் பெட்டியைத் தோளில் ஏற்றினார்கள்.

வஸித்தி எழுந்தாள். விறுவிறுவென்று பெட்டிக்கு முன்னால் போய், வாசற்படியின் குறுக்கே நீட்டிப் படுத்துக்கொண்டாள்.

"நில்லுங்கடா! எங்க தூக்கிட்டுப் போறீங்க?"

"வஸித்தி!" கெலேரா பதறினாள். "எந்திரிடி. போதகரு பாக்குறாரு. மானம் போகுது."

"வஸித்தி இல்ல, தீவுக்காரி!"

அவள் பிறந்தது இலாய்த்தியாவின் தீவில். ஆற்றுக்காரனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அவளை எல்லாரும் ஆற்றுக்காரி என்றே நினைத்துப் பழகிவிட்டார்கள். பிறப்பால் அவளும் அப்போரோசாவுக்குத் தௌவு என்பது, ஏன், அவளுக்கே மறந்துதான் போயிருந்தது.

"எங்க தீவுலருந்து ஒரு பொண்ணைத் தூக்கிட்டு வந்தான் இந்த ஆத்துக்காரன். வந்த நாள்லருந்து என் சமையலைக் கொறை சொல்லிக்கிட்டே சட்டியை வழிச்சுத் தின்னான். குறட்டை விட்டு என் தூக்கத்தைத் தின்னான். இப்பச் சொல்லாமக் கொள்ளாம ஓடுறான்! ஒத்தைக் காலை வச்சுக்கிட்டு என்ன ஓட்டம் ஓடுறான் பாருங்க!"

முதலில் பந்தலில் யாரோ கொல்லென்று சிரித்தார்கள். பிறகு வீடே சிரித்தது. பெட்டி ஆட்டம் கண்டதும் இளவட்டங்கள் அதைக் கீழே இறக்கிவிட்டு முழங்காலைப் பிடித்துக்கொண்டார்கள். போதகர் வேதப் புத்தகத்தால் வாயை மறைத்தார். கெலேரா விசிறிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்; தோள் மட்டும் குலுங்கியது.

வழி மறித்த தௌவுக்கு விலை கொடுத்து விலக்குவது முறை. ஆற்றுக்காரப் பெரியவர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"சரி தீவுக்காரி, என்ன வேணும்? யங்கோனா ஒரு கட்டு?"

"ஒரு கட்டா? அது அவன் வாய் கொப்புளிக்கவே காணாது."

"பன்னி ஒண்ணு?"

"அதைத்தான் பெட்டிக்குள்ள வச்சிருக்கீங்களே!"

மறுபடியும் சிரிப்பு. பெரியவர் பாய்கள் தருகிறேன் என்றார். போதாது என்றாள். கடைசியாகத் திமிங்கிலப் பல்லை எடுத்து நீட்டினார். அதற்கு மேல் கொடுக்க உலகத்தில் ஒன்றுமில்லை. வாங்கிக்கொண்டு எழுந்துவிட வேண்டியதுதான்.

வஸித்தி அதைப் பார்த்தாள். "போதாது" என்றாள்.

சிலர் சிரித்தார்கள்.

"வேற என்னம்மா வேணும்? நீயே சொல்லு."

"போதாது."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அவள் விரல்கள் வாசற்படியின் பலகையை இறுகப் பிடித்திருந்தன. பெரியவர் பல்லை நீட்டியபடியே நின்றார். கெலேராவின் விசிறி மடியில் விழுந்தது. எட்டிக் கடந்து போகவும் முடியாது, கையைப் பிடித்துத் தூக்கவும் யாருக்கும் மனம் வரவில்லை.

சுவரோரத்திலிருந்து இலாய்த்தியா எழுந்து வந்தான். அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, பெட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு சந்தையில் கூவுகிற குரலில் உரக்கச் சொன்னான்:

"விட்ரு தங்கச்சி, போய்த் தொலையட்டும். நாம வச்சுக்கிட்டு என்ன பண்றது? மூணு நாளா எந்திரிக்காமக் கெடக்கான் சோம்பேறி. கடைசி பஸ்ஸு, இதையாவது நேரத்துக்கு எடுக்கட்டும் ஆத்துக்காரப் பய."

கடைசி வார்த்தையில் குரல் உடைந்தது. ஆனாலும் சொல்லிவிட்டான்.

வஸித்திக்குச் சிரிப்பு வந்தது. படுத்தபடியே, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணிலும் மூக்கிலும் நீர் ஒழுகச் சிரித்தாள். இளவட்டங்கள் பெட்டியைத் தூக்கினார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. ஒருக்களித்துப் படுத்து, முழங்காலை மடக்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, பெட்டி போகிற அளவுக்கு மட்டும் வழி விட்டாள்.