நாற்பது நொடிக்கு மேல்

தங்கையின் ரிசப்ஷனுக்குப் பாட்டைத் தேர்ந்தெடுத்தது நான்தான். ஆகவே இதில் வேறு யார் தலையிலும் பழியைப் போட்டுவிட்டுத் தப்பிக்க முடியாது.

பாட்டின் பெயர் ‘மாலையோட வாரேன் மச்சான்’. ரீல்ஸில் நாற்பது நொடி ஓடும் ரீமிக்ஸ். மணப்பெண் ஆடிக்கொண்டே மேடைக்கு வருவதற்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்குமா? மணிமொழியும் தோழிகளும் அந்த நாற்பது நொடியையே திரும்பத் திரும்ப ஓடவிட்டு இருபது நாள் பழகினார்கள். அதற்கு மேலும் பாட்டு இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. இந்தக் காலத்தில் யார் பாட்டை முழுதாகக் கேட்கிறார்கள்? தாலாட்டுக்கு டிரம்ஸ் போட்டுத் தெருவையே எழுப்புகிறார்கள். ‘என்னைத் தனியா விடுங்கடா’ என்று ஒருவன் கதறினால், ஐம்பது பேர் தோளில் கை போட்டுக்கொண்டு அதற்கு ஆடுகிறார்கள். அந்த ஐம்பதில் நானும் ஒருவன்.

அன்றைக்குப் பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தால் பஸ்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். கீழ்பென்னாத்தூர் சொந்தக்காரர்கள் வியர்க்க வியர்க்க நடந்து மண்டபத்துக்கு வந்துகொண்டிருந்தார்கள். விடிந்தால் முகூர்த்தம். மாப்பிள்ளை மாறனின் அம்மா ஆதிலட்சுமி, வந்து இறங்கியதிலிருந்து என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

“தம்பி, பொண்ணு எங்கப்பா?”

“ரூம்லதாங்க. மேக்கப் போட்டுட்டு இருக்கா.”

அரை மணி கழித்து மறுபடியும் வருவார். எனக்குக் கோபம் வரவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் மாறனுக்கு நிச்சயித்த பெண், இதே மாதிரி ஒரு ரிசப்ஷனில், புடவை மாற்றிவிட்டு வருகிறேன் என்று போனவள் திரும்பி வரவே இல்லை. காலையில் மணமேடையில் மாலைகள் மட்டும் இருந்தனவாம். அந்த வீட்டில் அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. இந்த அம்மா மட்டும் பொண்ணு எங்கே என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

ஏழு மணிக்கு சவுண்ட் சர்வீஸ் ஜுபைர் கையசைத்துக் கூப்பிட்டான். ஹெட்போனை நீட்டினான்.

“அண்ணா, பாட்ட முழுசா கேட்டீங்களா?”

கேட்டேன். நாற்பது நொடிவரை நமக்குத் தெரிந்த பாட்டு. அதன் பிறகு அடி மாறவில்லை, அதே குத்து. பாடுகிறவன்தான் அழ ஆரம்பித்தான். ‘மாலை வாடிப் போச்சு, மண்டபம் காலியாச்சு, வாரேன்னு சொன்னவ வரவே இல்லையே.’

ஹெட்போனைக் கழற்றி அவன் கையிலேயே திணித்தேன்.

“நாப்பது செகண்டு இருக்கறத மட்டும் டவுன்லோட் பண்ணுடா.”

“டவரே கெடைக்கலண்ணா. ஊரு பூரா ஜனம்.”

“வேற பாட்டு போடேன்.”

“அவங்க பழகுனது இதுக்குத்தானே. நாப்பது செகண்டு வந்ததும் நிறுத்திட்டு, மறுபடி முதல்ல இருந்து போடறேன். மூணு வாட்டி. பயப்படாதீங்கண்ணா.”

அவன் அப்படிச் சொன்ன பிறகுதான் பயம் ஜாஸ்தியானது. தங்கையிடம் ஓடிப்போய்ச் சொல்லலாம் என்று திரும்பினால், அவள் ஏற்கெனவே வாசலில் கூலிங்கிளாஸ் போட்டு நிற்கிறாள். ஆதிலட்சுமி முதல் வரிசையில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

பாட்டு தொடங்கியது. நான் செல்போனில் நொடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது. ஜுபைர் நிறுத்தினான், மறுபடி விட்டான். கூட்டம் கைதட்டியது. இரண்டாம் முறையும் தப்பித்தோம். பெண்கள் மேடை ஏறிவிட்டார்கள். இன்னும் ஒரே ஒரு முறைதான்.

அப்போதுதான் மாறனின் தாய்மாமா சுப்பிரமணி, தோளில் துண்டோடு ஆடிக்கொண்டே வந்து ஜுபைரின் கையைப் பிடித்தார்.

“ஏன்பா நிறுத்தி நிறுத்தி போடற? நல்ல பாட்டுப்பா. முழுசா உடு.”

“மாமா, வேணாம் மாமா,” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. நாற்பது தாண்டியது.

மண்டபம் காலியாச்சு என்று பாட்டு அழ, நிரம்பி வழிந்த மண்டபம் அதற்குக் கை தூக்கி ஆடியது. வரவே இல்லையே என்று சுப்பிரமணி மாமா கூடவே பாடினார், முகமெல்லாம் சிரிப்பு. மேடையில் மாறன் மட்டும் ஆடாமல் நின்றுவிட்டான். அவனுக்கு வார்த்தை கேட்டுவிட்டது.

ஆதிலட்சுமிக்கும் கேட்டுவிட்டது. எழுந்தார். என் தங்கையின் கல்யாணம் என்னால் நின்றுபோகப்போகிறது என்றே நினைத்தேன். அவர் வாசல் பக்கம் போகாமல் மேடைப் படியில் ஏறினார். “அம்மா, தெரியாம நடந்துருச்சுங்க,” என்று பின்னாலேயே ஓடினேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நேராகப் போய் மணிமொழியின் மணிக்கட்டை வளையல்களோடு சேர்த்து இறுகப் பிடித்தார். மணிமொழி பயந்துபோய் ஆட்டத்தை நிறுத்தினாள். பாட்டு மட்டும் அழுதுகொண்டே குத்துப் போட்டது.

“நீ ஆடுமா,” என்றார் ஆதிலட்சுமி. “நான் புடிச்சிக்கிட்டு இருக்கேன்.”