கூப்பிடு தூரத்து நிழல்

பேச்சித்தாய், பேச்சித்தாய், பேச்சித்தாய் என்று மூன்று தரம் கூப்பிட்ட குரல் கோர்ட்டு வராந்தாவிலிருந்து இறங்கி, வெந்துகொண்டிருந்த பேவர் பிளாக் கல்லைக் கடந்து, யாரையும் கூட்டாமல் வெறுமனே திரும்பி வருகிறது, கண்ணை மூடினால் டவாலி நம்பிராஜனுக்கு இப்போதும் அந்த வெயில்தான், ஆள் வரவில்லை, ஜீவனாம்ச வழக்கு தள்ளுபடி, அப்புறம்தான் கட்டடத்துக்குப் பின்னால் மதிலோரத்துத் துண்டு நிழலிலிருந்து பிள்ளையை இடுக்கிக்கொண்டு அவள் ஓடி வந்தாள், ஐயா, கூப்பிட்டீயளா, என் காதுல விழலியே என்று கேட்டாள், பாவி வெயில், வேறெங்கே போய் உட்காருவாள் அவள்.

வெள்ளைக்காரன் காலத்துக் கல் கட்டடம், முன்னால் புங்கந்தோப்பு இருந்ததாம், கார் நிறுத்தவும் கொரியன் புல் வளர்க்கவும் வெட்டித் தள்ளியிருந்தார்கள், அதை மீட்க வந்தவள்தான் ஜெசிந்தா, தோட்டம் வடிவமைக்கிறவள் என்றால் பூந்தொட்டியோடு வருவாள் என்று நினைத்திருந்தார், அவளோ பழைய போட்டோவும் கையுமாக வந்து, பேச்சித்தாய் கதையைக் கேட்டுவிட்டு, அண்ணாச்சி, நீங்க வராந்தாவுல நின்னு கூப்பிடுங்க, நான் நடந்துகிட்டே போறேன் என்கிறாள், யாரு பேரம்மா கூப்பிட, அந்த அக்கா பேரையே கூப்பிடுங்க, அவர் கூப்பிடுகிறார், அவள் நடக்கிறாள், கேக்குது அண்ணாச்சி, இன்னும் கேக்குது, கேட்காத இடம் வந்ததும் நின்று, குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டுகிறாள், மரமெல்லாம் இதுக்கு உள்ள, வெளியில ஆவாரையும் நொச்சியும் போதும், வாசலில் நீரூற்று வேண்டுமென்ற இன்ஜினியரிடம், தண்ணிச் சத்தத்துல பேரு கேக்காது சார் என்று ஒரே போடாய்ப் போட்டாள், அடேயப்பா, என்ன மனுஷி, இத்தனை வருஷம் கத்திய குரலுக்கு அளவு உண்டென்று அவருக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

கல்லைப் பெயர்த்தார்கள், முதல் மழையில் மண் மணத்தது, வழக்கைத் திரும்ப எடுக்கச் சொல்லிப் பேச்சித்தாய் போட்ட மனு நகர்ந்த வேகத்துக்குப் புங்கங்கன்றுகளே முந்திக்கொண்டன, வளர்ந்து நிழல் கட்டிப் பூவும் உதிர்க்கத் தொடங்கிவிட்டன, இன்றைக்கு அவள் வழக்கு, நம்பிராஜன் வராந்தாவுக்கு வருகிறார், பேச்சித்தாய் என்கிறார், குரல் படியிறங்கிப் பூ விரிந்த மண்மேல் போகிறது, இரண்டாம் தரத்துக்கு வாயெடுக்குமுன்னே, இந்தா இருக்கேன் ஐயா என்று நிழலுக்குள்ளிருந்து பதில் வருகிறது, எழுந்து வருகிறாள், தலையில் புங்கம்பூ ஒட்டியிருக்கிறது, இடுப்பில் இருந்த பிள்ளை இப்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வருகிறது.